மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்: எட்டாவது கையெழுத்தைப் போடுவதா வேண்டாமா?

இரண்டாம்மாடி

வணக்கம். மும்பையில் இருக்கிறவர்கள், இதில் அடிபட்டவர்கள், யாராவது சொல்லுங்கள்.

எங்கள் பில்டிங் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பண்டார்கர் ரோட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. முகப்பில் 1936 என்று சிமெண்டில் எழுதியிருக்கும். அந்த 6 பாதி உதிர்ந்துபோய் இப்போது 0 மாதிரித் தெரிகிறது. தரையும் இரண்டு மாடியும், மொத்தம் 14 குடும்பம், எல்லாரும் பகடி வாடகைக்காரர்கள் (ஆரம்பத்தில் ஒரு பெரிய தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் தலைமுறையாக இருப்பவர்கள்). என் தாத்தா 1951இல் பகடி கொடுத்து எடுத்த வீடு. இன்றைக்கும் வாடகை 118 ரூபாய், அதோடு மாடாவுக்கு (மாநில வீட்டுவசதி வாரியம்) போகிற செஸ், அதாவது பழுதுபார்ப்பு வரி.

இப்போது ஒரு பில்டர் வந்திருக்கிறார். இருபத்திரண்டு மாடி. எங்களுடைய 410 சதுர அடிக்கு 500 கார்பெட் (சுவருக்குள் அளக்கிற பரப்பு) தருகிறேன் என்கிறார், கட்டி முடிக்கும்வரை மாதம் 45 ஆயிரம் வாடகை, கார்பஸ் (மொத்தமாகக் கையில் தருகிற தொகை) தனி. செஸ் கட்டிடத்தை இடித்துக் கட்டுவதற்கான 33(7) விதியில் 51 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும் என்பதால் 14இல் 8 பேர் வேண்டும். ஏழு பேர் போட்டாயிற்று. எட்டாவது எங்கள் வீடு என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படியில் இறங்கினால் "அம்மா என்ன சொல்றா?" என்று கேட்காத ஆள் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வீடு. போன மழையில் கூரைக் காரை பெயர்ந்து நேரே தோசை மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அன்றைக்கு "இடிச்சுத் தொலையட்டும்" என்றாள். மறுநாள் காலையில் பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே "இந்தக் காத்து இருபதாவது மாடியில் வருமாடா" என்றாள். எனக்கு எது அம்மாவின் நிஜமான பதில் என்று தெரியவில்லை.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

போடுங்கள் சார், யோசிக்காதீர்கள். 118 ரூபாய் வாடகையில் மாட்டுங்காவில் இருந்துகொண்டு காற்று வருமா என்று கேட்பது கொஞ்சம் ஓவர். நான் தினமும் 8:02 லோக்கலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறேன், எனக்கும் காற்று நன்றாக வருகிறது.

சுண்ணாம்பு

டோம்பிவிலி, சிரித்துவிட்டேன், ஆனால் விஷயம் அவ்வளவு லேசானதில்லை.

நான் பழைய கட்டிடங்களைச் சீர்செய்கிற வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் ஃபோர்ட் பக்கம். இரண்டாம்மாடி சொல்கிற மாதிரி வீடுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1896இல் பிளேக் வந்து ஊரே காலியானது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். நெரிசலான பழைய பேட்டைகளுக்குள் காற்று வர வேண்டும் என்று தெருக்களை அகலப்படுத்தினார்கள், வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் என்று புதிதாகப் பேட்டைகள் போட்டார்கள். ஃபைவ் கார்டன்ஸ், கிங்ஸ் சர்க்கிள், மரங்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. உங்கள் அம்மா கேட்கிற காற்றை அப்போதே வரைபடத்தில் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், அது தற்செயலாக அடிக்கிற காற்று இல்லை. முப்பதுகளில் கட்டிய வீடுகளின் வளைந்த பால்கனிகளைப் பாருங்கள், மரைன் டிரைவில் இருப்பதன் தம்பி தங்கைகள். அங்கே இருக்கிறவற்றை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே இருப்பவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஒரு கட்டிடத்தை இடித்து இருபத்திரண்டு மாடி எழுப்பினால் அந்த ஒன்று மட்டும் போவதில்லை. தெருவின் அகலம் மாறாது, சாக்கடைக் குழாய் மாறாது, கீழே நான்கு மாடிக்குப் பார்க்கிங் பெட்டி எழும்பும். பக்கத்து வீட்டுப் பால்கனிக்கு எதிரே காங்கிரீட் சுவர்தான் இருக்கும்.

தாராவிக்காரன்

மேடம், ஒரு கேள்வி. அந்த டிரஸ்ட் காற்று வருவதற்காகத் தெருவை அகலப்படுத்தினார்கள் என்று அழகாகச் சொல்கிறீர்கள். அகலப்படுத்திய இடத்தில் குடியிருந்தவன் எங்கே போனான்? மாட்டுங்காவே ஒரு இடிப்பில் பிறந்த ஊர்தானே. இன்றைக்கு அதை இடிக்கக்கூடாது என்கிறோம், சரி, அன்றைக்கு இடித்ததை முன்னேற்றம் என்கிறோம்.

எங்கள் பக்கம் வாருங்கள். தாராவியில் காலா கில்லா என்று ஒரு கோட்டை இருக்கிறது, 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டியது என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதைச் சுற்றிக் குப்பை. கோட்டைக்கே அந்தக் கதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட எங்கள் ஆட்கள் கட்டிய வீடுகளை யார் பாரம்பரியம் என்று சொல்லப்போகிறார்கள்? 2004இலிருந்து திட்டம் திட்டம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2022இல் ஏலம் அதானிக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மாடியில் இருக்கிறவனுக்குத் தாராவிக்கு வெளியே எங்கேயோ, அதுவும் வாடகைக்கு. என் தம்பி மேலே இருக்கிறான், நான் கீழே இருக்கிறேன். ஒரே ஏணி, ஒரே மீட்டர். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்.

மாட்டுங்காவில் எட்டாவது கையெழுத்து என்று கேட்கிறார்களே, எங்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. அதுவே ஒரு சொத்து சார். சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம்மாடி

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன ஏணியை விட முடியவில்லை, இரண்டு தடவை படித்தேன்.

கம்பிகட்டி

ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டிடத்தின் உறுதியைச் சோதிப்பது) நடந்ததா? அதைச் சொல்லாமல் எல்லாரும் பேசிக்கொண்டே போகிறீர்கள்.

இரண்டாம்மாடி

நடந்தது சார். பில்டர் அனுப்பிய ஆள்தான் வந்தார். சுவரில் சுத்தியல் மாதிரி ஒன்றை வைத்து அங்கங்கே அமுக்கினார், படம் எடுத்தார், அரை மணி நேரத்தில் போய்விட்டார். சி1 என்று ரிப்போர்ட்.

கம்பிகட்டி

அதுதான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முப்பது வருஷம் தாண்டிய கட்டிடத்துக்கு மாநகராட்சிச் சட்டப்படி ஆடிட் கட்டாயம். சி1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி2ஏ என்றால் ஆளைக் காலி செய்துவிட்டுப் பெரிய அளவில் பழுது பார்க்கலாம், சில பகுதிகளை மட்டும் இடிக்கலாம். சி2பி என்றால் காலி செய்யாமலே பழுது பார்க்கலாம். சி3 சின்னப் பழுது. இதில் சி1க்கும் சி2ஏக்கும் நடுவே இருக்கிற கோட்டில்தான் மும்பையின் பாதிச் சண்டை நடக்கிறது. வாடகைக்காரர்கள் தாங்களே ஒரு இன்ஜினியரை வைத்து இன்னொரு ரிப்போர்ட் எடுக்கலாம். இரண்டும் முட்டினால் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே போகும். இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

சுத்தியலைப் பற்றி: அது காங்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற கருவி. 1936 கட்டிடம் என்றால் உங்களுடையது செங்கல் சுவரும் பர்மா தேக்கு உத்திரமுமா, ஆர்.சி.சி.யா (கம்பி வைத்த காங்கிரீட்)? செங்கல் சுவரில் அதை வைத்து அமுக்கினால் ஒன்றும் தெரியாது. மரத்தில் பார்க்க வேண்டிய இடம் உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனை. குளியலறைத் தண்ணீர் சுவர் வழியே இறங்கி அந்த முனையில்தான் மரம் இற்றுப்போகும். நடுவில் தட்டினால் இரும்பு மாதிரி இருக்கும். ஆர்.சி.சி. என்றால் கதை வேறு. கடல் காற்று, நான்கு மாத மழை, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் காங்கிரீட் வெடித்து உதிரும். உங்கள் தோசை மாவில் விழுந்தது காரை மட்டுமா, காங்கிரீட்டா? அது விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறதா?

இன்னொன்று, பழசு என்றால் விழும், புதுசு என்றால் நிற்கும் என்று நினைக்காதீர்கள். 2013இல் டாக்யார்ட் ரோட்டில் பாபு கேனு மார்க்கெட் பக்கம் விழுந்து 61 பேர் இறந்தது மாநகராட்சி ஊழியர்கள் இருந்த கட்டிடம், சுமார் முப்பது வயசுதான். 2017 ஜூலையில் காட்கோபரில் 17 பேர் போனது அதைவிடக் கொஞ்சம் மூத்த கட்டிடம், தரைத்தளத்தில் மாற்றி அமைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்தவரை நல்ல கட்டிடத்தைச் சாகடிப்பது மூன்று விஷயம்: ஒழுகுகிற குழாய், இடம் போதவில்லை என்று எடுத்த சுவர், மொட்டை மாடியில் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி. வயசு அதற்கு அப்புறம்தான்.

செம்பூர்_மாமி

எங்கள் சொசைட்டி ரீடெவலப்மெண்ட் முடிந்து நான்கு வருஷம் ஆயிற்று. நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: லிஃப்ட் இருக்கிறது, என் முழங்கால் தப்பித்தது. பாத்ரூமில் வழுக்காத டைல். கெட்டது: மெயின்டனன்ஸ் 1,100லிருந்து 9,400. 500 சதுர அடிக்குள் இருந்தால் மாநகராட்சிச் சொத்து வரி இல்லை என்று 2022இல் வந்ததே, எங்களுக்கு 610 கொடுத்துவிட்டார்கள், அதனால் அதையும் கட்டுகிறோம். தம்பி, 500க்கு மேல் கேட்காதே! (பாதிதான் விளையாட்டு.)

அப்புறம் இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். பழைய பில்டிங்கில் கதவைத் திறந்துவைத்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். புதுசில் கதவைத் திறந்துவைத்தால் வாட்ச்மேன் இண்டர்காமில் கூப்பிட்டு "மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்கிறான்.

வீட்டுக்காரர்_பேரன்

இந்த இழையில் எல்லாரும் வாடகைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். நான் வில்லன் பக்கம் பேசுகிறேன்.

எங்கள் தாத்தா சயானில் ஒரு கட்டிடம் வைத்திருந்தார். 1947 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940இல் இருந்த அளவிலேயே உறைய வைத்தது. யுத்தம் முடிந்து ஆள் வந்து குவிகிற நேரம், அன்றைக்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து 1999இல்தான் புதுச் சட்டம், வருஷத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்றார்கள். 46 ரூபாயை 25 வருஷம் 4 சதவீதம் ஏற்றிப் பாருங்கள், 123 வரும். எங்கள் பன்னிரண்டு வீட்டு வாடகையையும் சேர்த்தால் ஒரு தடவை பிளம்பர் வந்து போகிற காசு. இதில் நான் கூரைக்கு என்ன செய்வேன்? அதுவும் ஒரு வாடகைக்காரர் 50 ரூபாய் கட்டிக்கொண்டே வசாயில் ஃபிளாட் வாங்கி அதை 18 ஆயிரத்துக்கு விட்டிருக்கிறார். எல்லாரும் அப்படியில்லை, தெரியும். ஆனால் "வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் போடுங்கள்.

பிரதீக்ஷா_நகர்

வீட்டுக்காரர் பேரனுக்கு ஒரு பதில். அந்தக் கணக்குக்குத்தானே செஸ் வந்தது. 1969 செப்டம்பர் 30க்கு முன்னால் கட்டிய வாடகைக் கட்டிடங்கள், தென் மும்பையிலிருந்து மாஹிம், சயான் வரை 19,642 என்று கணக்கெடுத்து, வாடகைக்காரரிடமே செஸ் வாங்கி, அந்தப் பணத்தில் பழுதுபார்க்க ஒரு போர்டு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பழுதுக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். அந்தக் காசில் உத்திரத்துக்கு முட்டு கொடுக்கலாம், உத்திரத்தை மாற்ற முடியாது. கிர்காவ், டோங்ரி பக்கம் போனால் தெரியும், வருஷக்கணக்காக மரத் தூண்களின் முட்டிலேயே நிற்கிற மாடிகள். முட்டுகளுக்கு நடுவில் துணி காயப்போட்டிருப்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் பில்டிங் இருந்தது லால்பாக் பக்கம். மழையில் ஒரு பக்கம் இறங்கியது, இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். யாருக்கும் அடி இல்லை, அது பெரிய புண்ணியம். டிரான்ஸிட் கேம்ப்பில் (தற்காலிகக் குடியிருப்பு) ஒரு ரூம், "இரண்டு வருஷம், கட்டிக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். அப்போது என் பையன் ஒன்றாம் வகுப்பு. போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், பத்திரிகையில் போட்ட விலாசம் டிரான்ஸிட் கேம்ப். மனை சின்னது, பில்டர் வரவில்லை. ஒருவர் வந்தார், போனார். மாஸ்டர் லிஸ்ட்டில் (பழைய இடத்தில் வீடு கிடைக்காதவர்களுக்கு வேறு இடத்தில் வீடு ஒதுக்குகிற பட்டியல்) பெயர் கொடுத்திருக்கிறேன், மூன்று தடவை காகிதம் சரிபார்த்தார்கள், மூன்றாவது தடவை என் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு என்றார்கள்.

இரண்டாம்மாடி தம்பி, இடிக்கலாமா வேண்டாமா என்று மட்டும் யோசிக்காதே. இடித்த பிறகு எழும்புமா என்று யோசி. அந்த இடத்தில் இப்போது பப்பாளி மரம் காய்க்கிறது.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

முன்னால் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சுண்ணாம்பு

தாராவிக்காரன் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இடிபட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புதுப் பேட்டைகளில் வாடகை கட்டுப்படியாகவில்லை, அது உண்மை. மாட்டுங்காவுக்கு வந்தது வேறு ஆட்கள், நம் ஊரிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்துக்காரர்களும்.

ஆனால் பாதுகாப்பு என்றால் பணக்காரர் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். 1995இல் மும்பைதான் நாட்டிலேயே முதலில் பாரம்பரியக் கட்டிட விதிகளைக் கொண்டுவந்தது. கிரேடு 1 என்றால் கை வைக்கக்கூடாது, கிரேடு 2 என்றால் உள்ளே கொஞ்சம் மாற்றலாம், கிரேடு 3க்கு இன்னும் தளர்வு. ஓட்டை எங்கே என்றால், தடை போடுவதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது, பழுதுபார்க்கக் காசு கொடுக்க ஒருவரும் இல்லை. அதனால்தான் 2012இல் பட்டியலை நீட்டுகிறோம் என்று சிவாஜி பார்க்கைச் சேர்த்தபோது அங்கே குடியிருந்தவர்களே வேண்டாம் என்று எழுந்தார்கள். "உன் வீடு அழகு, அதனால் நீ ஒழுகுகிற கூரையின் கீழேயே இரு" என்று சொன்னால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

காலா கோடாவில் எஸ்ப்ளனேட் மேன்ஷன் பார்த்திருப்பீர்கள். வாட்சன் ஹோட்டல். இங்கிலாந்தில் வார்த்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் பூட்டி எழுப்பியது. 1896 ஜூலை 7இல் லூமியேர் சகோதரர்களின் படத்தை முதன்முதலில் நம் நாட்டில் ஓட்டிக் காட்டியது அங்கேதான். பட்டியலில் பெயர் இருந்தது, கிரேடும் இருந்தது, உலகத்தில் ஆபத்தில் இருக்கிற சின்னங்கள் என்று ஒரு பட்டியலிலும் வந்தது. ஆனால் 2005இல் ஒரு பக்கம் இடிந்து ஒரு உயிர் போனது, 2019இல் எல்லாரையும் காலி செய்தார்கள், இடிக்கத்தான் வேண்டும் என்று ஒரு ரிப்போர்ட், காப்பாற்றலாம் என்று இன்னொரு ரிப்போர்ட். பட்டியலில் பெயர் இருப்பது கூரையை ஒழுகாமல் வைக்காது.

கம்பிகட்டி

மேடம் இதை ஒத்துக்கொண்டதற்கு ஒரு வணக்கம். அப்படியே இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் கேட்கிற சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனாரை நான் தேடித் தேடி இரண்டு பேரைத்தான் பிடித்தேன், இரண்டு பேரும் அறுபது தாண்டியவர்கள்.

சுண்ணாம்பு

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எல்லாரும் சிமெண்ட் பூசுகிறார்கள், பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்கிறது. சுண்ணாம்பு மூச்சு விடும். எட்டு மாதம் ஊறவைத்த சுண்ணாம்பை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, வெண்ணெய் மாதிரி இருக்கும். சரி, இழையை விட்டு எங்கேயோ போகிறேன்.

வொர்லி_பழசு

வொர்லி பிடிடி சாலில் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்பு) பிறந்தவன். 160 சதுர அடி ரூம், ஏழு பேர், மாடிக்கு மாடி பொதுக் கக்கூஸ். 1920களில் அரசாங்கமே கட்டியது. சால் வாழ்க்கை என்ன அழகு, கணபதி என்ன, ஒற்றுமை என்ன என்று உருகி உருகி எழுதுகிறவர்கள் ஒருவரும் அந்தக் காலை வரிசையில் வாளியோடு நின்றதில்லை. என் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்தது கோலம் போட இல்லை, வரிசை நீளுவதற்கு முன்னால் போய்விட்டு வரத்தான்.

2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பத்துக்குச் சாவி கொடுத்தார்கள், 500 சதுர அடி. எங்கள் மாமா அதில் ஒருவர். முதல் நாள் அத்தை ஒன்றும் பேசாமல் பாத்ரூம் கதவை உள்ளே தாழ் போட்டாள், திறந்தாள், திரும்பத் தாழ் போட்டாள். அவ்வளவுதான் சொல்லுவேன். ஒரு சால் கட்டிடத்தை மியூசியமாக வைப்பார்களாம். வைக்கட்டும். நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கமாட்டேன்.

செம்பூர்_மாமி

இதற்கு மேல் என்ன சொல்வது. சரிதான்.

ஆனால் எல்லாப் புதுசும் பழசை மறக்கத்தான் வேண்டும் என்றும் இல்லையே. நம்ம ஷண்முகானந்தா சபாவைப் பாருங்கள். 1963இல் திறந்த ஹால், 1990இல் தீப்பிடித்து எரிந்தது. அந்த வருஷம் என் அண்ணா அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே தலையைத் திருப்பிக்கொள்வார். அதே இடத்தில் திரும்பக் கட்டி 1998இல் திறந்தார்கள். புதுக் கட்டிடம்தான், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை, ஏனென்றால் கச்சேரிக்கு வந்தவர்கள் அதே ஆட்கள். ஆட்கள் திரும்பி வருகிற மாதிரி கட்டினால் பாதிக் கவலை போய்விடும்.

தாராவிக்காரன்

அது சபா, மாமி. சபா திரும்பக் கட்டும்போது விற்பதற்கு மேல்மாடி வைக்கவில்லை. 33(7)இல் உங்களுக்குப் போக மீதியைக் கோடிக்கணக்கில் விற்றால்தான் பில்டருக்கு வண்டி ஓடும். அப்போது யார் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வருவார் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. பாதி இடங்களில் பழைய ஆட்களுக்கு ஒரு லிஃப்ட், விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு வேறு லிஃப்ட், வேறு வாசல்.

பிரதீக்ஷா_நகர்

எங்கள் பக்கத்து ரூம்காரர் பேண்டி பஜாரிலிருந்து வந்தவர். அங்கே பதினாறரை ஏக்கரையும் ஒன்றாக எடுத்து ஒரு டிரஸ்ட் கட்டுகிறது. வந்தவர்களுக்கு வீடு கிடைத்தும் இருக்கிறது. ஆனால் அதே பேட்டையில்தான் 2017 ஆகஸ்ட் 31இல் ஒரு கட்டிடம் விழுந்து 33 பேர் போனார்கள், இடிக்க வேண்டியது என்று முன்பே குறித்து வைத்த கட்டிடம், காலி செய்யாதவர்கள் உள்ளே இருந்தார்கள். ஏன் காலி செய்யவில்லை என்று டிவியில் எல்லாரும் கேட்டார்கள். என்னை மாதிரி ஒரு ஆளைப் பார்த்திருப்பார்கள், அதனால்தான் காலி செய்யவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் காலி செய்யாதவனைத் திட்டுவதற்கு முன்னால் காலி செய்தவன் என்ன ஆனான் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம்மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லார் பேச்சையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பப்பாளி மரம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பிகட்டி சார் சொன்ன மாதிரி நாங்கள் ஆறு வீடு சேர்ந்து காசு போட்டு வேறு இன்ஜினியரை வைத்தோம். அவர் இரண்டு நாள் இருந்தார். உங்கள் கணக்குச் சரி சார், செங்கல் சுவர், தேக்கு உத்திரம். பின்பக்கத்துக் குளியலறை வரிசை மட்டும் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய ஆர்.சி.சி. அதில் கம்பி விரல் மாதிரி வெளியே நிற்கிறது. முன்பக்கத்து உத்திரங்களில் நாலைத் தவிர மற்றது எல்லாம் கெட்டி. படிக்கட்டில் தட்டிவிட்டு "இது உங்களையும் என்னையும் தாண்டி இருக்கும்" என்றார். அவர் ரிப்போர்ட் சி2ஏ. பின்பக்கத்தை இடித்துக் கட்டினால் போதும்.

சந்தோஷமாக இருந்தது, ஒரு நாள். அப்புறம் எஸ்டிமேட் போட்டார். 14ஆல் வகுத்தால் வீட்டுக்குப் பதினோரு லட்சம். வீட்டுக்காரர் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். (வீட்டுக்காரர்_பேரன் சார், உங்கள் கணக்கையேதான் அவரும் சொன்னார், கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை.) செஸ் போர்டு தருகிற தொகை அதில் கால்வாசிக்கும் வராது. எங்கள் பில்டிங்கில் நாலு வீட்டில் பென்ஷன் மட்டும்தான் வருமானம். பதினோரு லட்சத்தைப் போட்டுப் பழுதுபார்த்தாலும் வீடு நம்முடையது ஆகாது, பகடிதான். காப்பாற்றக்கூடிய கட்டிடம் என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அதை இடிக்கப்போகிறோம். கோபம் வந்தது, யார்மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

இதற்குள் எட்டாவது கையெழுத்து போய்விட்டது. கீழ்வீட்டு மாமா போட்டுவிட்டார். மாமிக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் படியேற்றி இறக்குகிறார்கள். அவரிடம் நான் என்ன பேசுவேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து பில்டர் ஆபீஸில் எங்களுக்கு டீ வருவது நின்றுவிட்டது. தாராவி அண்ணாச்சி சொன்ன சொத்து அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆறு வீடும் சேர்ந்தே போனோம். நாலு கேட்டோம்: மூன்று வருஷ வாடகைக்கு வங்கி உத்தரவாதம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பதிவுசெய்த ஒப்பந்தம் கையில் வந்த பிறகே காலி செய்வது, நமக்கும் அவர்களுக்கும் ஒரே வாசல், எந்த மாடி என்று இப்போதே எழுதித் தருவது. முதல் இரண்டும் கிடைத்தன. வாசலுக்குச் சிரித்தார்கள். மாடிக்குக் குலுக்கல் என்றார்கள். ஒன்பதாவதாக அம்மா கையெழுத்துப் போட்டாள்.

போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னாள். இடிக்கும்போது கிடைக்கிற மரம், இரும்பு, கதவு, ஜன்னல் எல்லாம் பில்டருக்கே என்று ஒரு வரி. "நம்ம வாசக்கதவுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அங்கிருந்த பையனிடம் ஹிந்தியில் அவளே பேசினாள். அவன் யாருக்கோ போன் செய்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் "ஒரு கதவு நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கம்பிகட்டி

பேனாவில் எழுதியது எல்லாப் பிரதியிலும் இருக்கிறதா பாருங்கள். பழைய தேக்கை ஜோகேஷ்வரியில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டான்.

ஆனால் ஒன்று, உங்கள் கதவு எட்டடி இருக்கும். புது ஃபிளாட்டில் நிலை ஏழடிதான். பொருந்தாது.

இரண்டாம்மாடி

சொன்னேன் சார். அவளுக்குத் தெரியுமாம். கதவாக வேண்டாம், அறுத்து ஊஞ்சல் பலகை பண்ணிக்கொள்ளலாம் என்கிறாள். புதுக் கூரையில் ஊஞ்சல் கொக்கி போட விடுவார்களா என்று உங்களைக் கேட்கச் சொன்னாள்.

கம்பிகட்டி

விடமாட்டார்கள். பிறகு துளை போடவும் கூடாது. காங்கிரீட் போடுகிற அன்றைக்கே கம்பியோடு சேர்த்துக் கொக்கியைக் கட்டிவிட வேண்டும். எந்த மாடி என்று குலுக்கல் முடிந்ததும் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், ஸ்லாப் போடும்போது நான் வந்து நிற்கிறேன். அம்மாவை வரச் சொல்லாதீர்கள், தூசி.